ஒரே கிண்ணம்: ராஜநாயக்கனுக்கு ஏன் குருப்பட்டம் கிடைக்கவில்லை?

இறையியல் என்றதும் நம் தோழர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். அது பாதிரியார்களின் வேலை, நமக்கு அம்பேத்கரும் பெரியாரும் போதும் என்கிறார்கள். சேரிச் சபையில் பிறந்து, ஞாயிறுப் பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லி வளர்ந்தவர்களே இப்படிப் பேசும்போது, நாம் அவர்களுக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேதத்தைத் தானே வாசித்து, தானே யோசித்துத் தன் வழியைத் தேர்ந்துகொண்ட பறையர் ஒருவர் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சையில் இருந்தார். பெயர் ராஜநாயக்கன்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அந்த அச்சுப் பிரதி, தஞ்சை மன்னரின் படையில் இருந்த ராஜநாயக்கனின் கைக்கு வந்தது. அவர் கத்தோலிக்கக் குடும்பத்துக்காரர். வாசிக்க வாசிக்க அவருக்குள் கேள்விகள் எழுந்தன. 1720களின் இறுதியில் தரங்கம்பாடி மிஷனோடு சேர்ந்து உபதேசியார் ஆனார். 1771இல் இறந்தார்.

இறக்கும்போதும் அவர் உபதேசியார்தான். 1733இல் முதல் தமிழ் லுத்தரன் குருவாகப் பட்டம் பெற்ற ஆரோன் ஒரு வெள்ளாளர். 1741இல் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும்போது ராஜநாயக்கன் பெயரும் வந்தது. ஆனால் பட்டம் தியோகுவுக்குப் போனது. ராஜநாயக்கனின் வேத அறிவில் குறை எதுவும் சொல்லப்படவில்லை. ஒரு பறையர் கையால் நற்கருணை வாங்கச் சூத்திரக் கிறிஸ்தவர்கள் வரமாட்டார்களே என்பதுதான் மிஷனெரிகளின் கவலை. வெள்ளைக்காரர்களுக்குச் சாதி புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நன்றாகப் புரிந்துகொண்டுதான் இந்த முடிவை எடுத்தார்கள்.

இப்போது கலாத்தியர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தைத் திறப்போம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து எழுந்து விலகிக்கொண்டார். பவுல் முகத்துக்கு நேராக அவரைக் கண்டித்தார். பந்தியிலிருந்து விலகுவது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே மாறானது என்பது பவுலின் வாதம். விசுவாசத்தினால் நீதிமானாவது பற்றி இதே அதிகாரத்தில் வரும் புகழ்பெற்ற வசனங்கள் இந்தப் பந்திச் சண்டையைத் தொடர்ந்தே வருகின்றன. திடப்படுத்தல் வகுப்பில் அந்த வசனங்களைச் சொல்லிக்கொடுப்பார்கள். சண்டையைச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு.

முதலாம் கொரிந்தியர் பதினோராம் அதிகாரத்துக்கும் இதே கதிதான். நற்கருணைக்கு முன் நடக்கும் ஆயத்த ஆராதனையில், ஒவ்வொருவரும் தன்னைத்தானே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பகுதியை வாசிப்பார்கள். நாமும் சொன்ன பொய்யையும் போட்ட சண்டையையும் நினைத்துத் தலைகுனிவோம். ஆனால் பவுல் அங்கே எதற்காகக் கோபப்படுகிறார்? கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று குடித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு அவமானப்பட்டு நின்றார்கள். அதன் பெயர் கர்த்தருடைய பந்தியே அல்ல என்கிறார் பவுல். அந்தச் சோதனை பந்தியில் யாரைத் தள்ளி வைத்தோம் என்ற சோதனை. அதைத் தனிமனிதக் குற்ற உணர்வாகச் சுருக்கியது யாருக்கு வசதியாக இருந்தது என்று சமூகவியல் படித்தவர்கள் யோசிக்கலாம்.

தமிழகச் சபைகளுக்கு இந்தக் கேள்வி ஏட்டில் இருந்ததல்ல. தனித்தனி இருக்கை இருந்தது, நற்கருணைக்கு வருவதில் முன்பின் வரிசை இருந்தது, சில இடங்களில் கிண்ணமே தனியாக இருந்தது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் வெளியேறினார்கள். 1840களில் வந்த லைப்சிக் மிஷன் அவர்களில் பலருக்கு இடம் கொடுத்தது. சாதி வெறும் சமூக வழக்கம், விசுவாசத்தை அது தொடாது என்பது அந்த மிஷனின் தலைவர் கார்ல் கிரவுலின் நிலைப்பாடு. அதுவும் ஓர் இறையியல்தான் என்பதைக் கவனியுங்கள்.

அதற்கான பதில் நம் பக்கமிருந்து முறையாக எழுத நெடுங்காலம் ஆனது. 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியலின் கணக்கைத் தொடங்குவது வழக்கம். நமக்கு அதைவிட நெருக்கமானவர் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு, மாணவர்களின் 'பரட்டை'. பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர். நற்கருணையைப் பற்றிப் பேச அவர் எடுத்துக்கொண்ட சொல் 'ஒரு உலை'. எல்லாரும் கொண்டுவருவதை ஒரே உலையில் போட்டுப் பொங்கி, சேர்ந்து சாப்பிடுவது. கிண்ணத்தில் ஒரு வாய் குடித்துவிட்டு அவரவர் தெருவுக்குப் போய்விடலாம். ஒரே உலைச் சோற்றில் அந்த வசதி கிடையாது.

அடுத்த வாசிப்பு வட்டத்தில் இந்த இரண்டு அதிகாரங்களையும் ஒரே அமர்வில் படியுங்கள். விளக்கவுரையைப் பிறகு புரட்டிக்கொள்ளலாம். முதலில் உங்கள் ஊர்ச் சபையின் அசன விருந்தை எழுதி வையுங்கள்: அரிசி யாருடையது, அடுப்படியில் யார் நிற்கிறார்கள், பரிமாறுவது யார், முதல் பந்தியில் உட்காருவது யார், எச்சில் இலை எடுப்பது யார்.