பாயேயா என்னும் பெயர்

ஸ்பெயின் தேசத்தின் கீழைக்கரையிலுள்ள வலென்சியாவில், கோழி, முயல் இறைச்சியும் குங்குமப்பூவும் சேர்த்து அகன்ற தட்டைச் சட்டியில் ஆக்கப்படும் சோற்றுக்குப் ‘பாயேயா’ என்று பெயர். மூர் மன்னர் உண்டு எஞ்சியதைப் பணியாளர் வீட்டுக்கு எடுத்துச் சென்றனராம். ‘மிச்சம்’ எனப் பொருள்படும் ‘பக்கிய்யா’ என்ற அரபுச் சொல்லே இவ்வாறு திரிந்ததாம். கதை சுவையானதுதான், மொழிநூலார் ஏற்பதில்லை. இலத்தீனில் சிறு தட்டைக் குறித்த ‘பத்தெல்லா’, பழைய பிரெஞ்சு வழியே வலென்சிய மொழியை அடைந்து சட்டிக்குப் பெயராயிற்று. சட்டியின் பெயர் பின்னர் சோற்றுக்கு ஆகிவந்தது. நம் இலக்கணம் கூறும் இடவாகுபெயர் போன்றதே இது.

ஆயினும் அரபியரின் பங்கு சிறிதன்று. அங்கே நெல்லையும் பாசன வாய்க்கால்களையும் பரப்பியவர் அவரே. அவர்தம் மரபினரை 1609 இல் அரசு வலென்சியாவிலிருந்து வெளியேற்றத் தொடங்கியது. எனினும், அரிசியைக் குறிக்கும் ‘அர்ரோஸ்’ என்ற சொல்லும், நெல்வயல் சூழ்ந்த ‘அல்புஃபேரா’ ஏரியின் பெயரும் அரபு மொழியிலிருந்து வந்தவையாக இன்றும் வழங்குகின்றன.