நனைந்த திரியும் இரவற் பீரங்கியும்

புதுப் படைக்கலம் உடையவனே வெல்வான் என்பர். அஃது அரையுண்மையே என்பதற்கு நமது ஊவாவே சான்று.

1630 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பெரும்படையுடன் வந்து பதுளையை எரியூட்டினான். அவன் நம்பியது திரித்துப்பாக்கி. எரியும் திரி மருந்தைத் தொட்டாலன்றி அது வெடியாது. மீளும் வழியிற் செனரத் மன்னனின் மைந்தர் நடத்திய கண்டிப்படை அவனைச் சூழ்ந்தது. அவனிடம் சேவித்த சிங்கள லஸ்கோரின் வீரர் பலர் கட்சி மாறினர். வெல்லவாயவுக்கு அண்மையில் ரந்தெனிவெலவிற் பெருமழை பொழிந்தது. திரியும் மருந்தும் நனைந்தன. தளபதி மாண்டான்.

ஆயினும் கரையோரக் கோட்டைகளை வீழ்த்தக் கப்பலும் பெரும் பீரங்கியும் வேண்டும். அவை கண்டியரிடம் இல்லை. ஆதலால் அம்மைந்தருள் ஒருவனான இரண்டாம் இராசசிங்கன் 1638 இல் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். 1656 இற் கொழும்பு வீழ்ந்தது. ஒல்லாந்தரோ அதனை அரசனிடம் ஒப்படைத்திலர்.

இன்று ஆளில்லா விமானத்திலும் செயற்கை அறிவிலும் வல்லரசுகள் போட்டியிடுகின்றன. அவற்றை விலைக்கும் கடனுக்கும் பெறும் சிறுநாடுகள் பல. வாலிபர்காள்! கருவியை ஆக்கும் கல்வியை நாமே தேடுவோம். இரவற் பீரங்கியின் பின்னே புதிய எசமானனும் வருவான் என்பதை இராசசிங்கன் கதை உணர்த்துகின்றது.