பனிப்பறவைகளும் எல்லையின் நாட்கணக்கும்

கனடாவின் ஒண்டாரியோ, கியூபெக் முதலிய மாகாணங்களைச் சேர்ந்த ஓய்வூதியர்கள் இலையுதிர்காலத்தில் புறப்பட்டு, புளோரிடாவிலோ அரிசோனாவிலோ குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, இளவேனிலில் ஊர் திரும்பும் வழக்கம் முக்கால் நூற்றாண்டாக நிலைபெற்றிருக்கிறது. பனிப்பறவைகள் என்று அழைக்கப்படும் இம்முதியோர் அமெரிக்காவில் எத்தனை நாள் தங்கலாம் என்பதை வரையறுக்கும் சட்டங்களில் பெரும்பாலானவை பழையவை. ஆனால் தரைவழி எல்லையில் அந்த நாட்களை அரசுகளே முறையாக எண்ணத் தொடங்கியது மிக அண்மையில்தான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நெடிய காலத்தில்தான் இவ்வழக்கம் வேரூன்றித் தழைத்தது.

ஹென்றி ஃபிளாக்லரின் இரயில்பாதை 1896இல் மயாமியை எட்டியபோது, குளிருக்கு அஞ்சித் தெற்கே செல்வது செல்வர்களுக்கு மட்டுமே இயன்றதாக இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது அந்நியச் செலாவணியைக் கட்டுப்படுத்திய கனடிய அரசு, 1940 முதல் இன்பப் பயணத்துக்கு அமெரிக்க டாலர் தர மறுத்ததால், அமெரிக்க எல்லை கனடியர்க்கு ஏறக்குறைய மூடியதாயிற்று. அக்கட்டுப்பாடு 1951 டிசம்பரில் முற்றாக நீங்கியது; அடுத்த மாதமே, 70 வயது நிறைந்தோருக்கு அவர்தம் சொத்தையோ வருமானத்தையோ ஆராயாமல் ஓய்வூதியம் வழங்கும் முதியோர் காப்புறுதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அத்தகுதி வயது 1970க்குள் படிப்படியாக 65ஆகக் குறைக்கப்பட்டது. நெடுஞ்சாலைகளும் குளிர்சாதன வசதியும் இதற்குத் துணைநின்றன என்றாலும், சாதாரணத் தொழிலாளியின் முதுமைக்குத் தவறாத வருவாய் வாய்த்ததே இவ்வழக்கத்தின் உண்மையான தோற்றுவாய் எனலாம்.

சட்டத்தின் பக்கத்தில், 1952ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவு, குடியுரிமைச் சட்டம் பார்வையாளர் என்போரை, தாம் கைவிடக் கருதாத நிலையான வீட்டை அயல்நாட்டில் கொண்டு, தற்காலிகமாக வந்து தங்குவோர் என வரையறுத்தது. இவ்வகுப்பில் வரும் கனடியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. ஒரு நுழைவுக்குப் பொதுவாக ஆறு மாதம் தங்க இசைவு உண்டு. எனினும் ஓராண்டின் பெரும்பகுதியை அங்கேயே கழிப்பவரின் உண்மையான வீடு எது என்ற ஐயம் எல்லை அதிகாரிக்கு எழக்கூடும் என்பதால், 12 மாதங்களில் 182 நாள் என்பது பயணிகளிடையே எழுதப்படாத வரம்பாயிற்று. தரைவழியே காரில் வந்தவர்கள் சில கேள்விகளுக்கு வாய்மொழியாக விடையளித்தாலே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. வெளியேறுவோரை அமெரிக்கா சோதிக்காததால், அவர்கள் திரும்பிய நாளை அந்நாடு பதிவு செய்யவே இல்லை.

இதனோடு வேறு இரு கணக்குகளும் சேர்ந்தன. 1984இல் இயற்றப்பட்ட அமெரிக்க வரிச்சட்டம், ஒருவர் நடப்பாண்டில் அங்கே தங்கிய நாட்கள் முழுவதையும், முந்தைய ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கையும், அதற்கும் முந்தைய ஆண்டின் நாட்களில் ஆறில் ஒரு பங்கையும் கூட்டி, அக்கூட்டுத்தொகை 183ஐ எட்டினால் அவரை வரி செலுத்தக் கடமைப்பட்ட வசிப்பாளராகக் கொள்கிறது. ஆண்டுதோறும் நான்கே மாதம், அதாவது 122 நாள், தங்குபவர்கூட இவ்வரம்பைத் தொட்டுவிடுகிறார். கனடாவோடுதான் தமக்கு நெருங்கிய பிணைப்பு என்று 8840ஆம் எண் படிவத்தில் அறிவித்து அவர் விலக்குப் பெறலாம். மறுபுறம், சொந்த மாகாணத்தின் மருத்துவக் காப்பீடும் இருப்பிடத்தைச் சார்ந்தது: கியூபெக் 183 நாளோ அதற்கு மேலோ வெளியே இருப்போரின் உரிமையைப் பொதுவாக நிறுத்திவைக்கிறது, ஒண்டாரியோ ஏறத்தாழ ஏழு மாதம், அதாவது 212 நாள் வரை, பொறுத்துக்கொள்கிறது. நோய்கள் பெருகும் வயதில் இந்த உரிமையை இழப்பது வரிச்சுமையினும் பெரிய அச்சம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

எண்ணும் முறை மெல்லத்தான் வந்தது. 1996இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், இசைவின்றி 180 நாட்களுக்கு மேல் தங்கி வெளியேறியவர்க்கு மூன்றாண்டுத் தடை விதித்ததோடு, நுழைவையும் வெளியேற்றத்தையும் எல்லைதோறும் பதிவு செய்யவேண்டும் என்றும் ஆணையிட்டது. எல்லை வணிகம் நெரிசலால் முடங்கிவிடும் என்று கனடாவும் எல்லையோர மாநிலங்களும் எதிர்த்ததால், 2000இல் அவ்வாணை தளர்த்தப்பட்டது. 2001இல் அமெரிக்காவில் நிகழ்ந்த பயங்கரவாதத் தாக்குதல்களுக்குப் பின் நிலைமை மாறியது. 2009 ஜூன் முதல் தரைவழிப் பயணத்துக்கும் பாஸ்போர்ட் அல்லது அதற்கு ஈடான ஆவணம் கட்டாயமானது. 2011இல் இரு அரசுகளும் உடன்பட்ட திட்டம் மிக எளிய ஒரு வழியைக் கண்டது: ஒரு நாட்டில் நுழைந்த பதிவே மற்ற நாட்டிலிருந்து வெளியேறிய பதிவாகக் கொள்ளப்படும். முதலில் பிறநாட்டவர்க்கு மட்டும் பொருந்திய இம்முறை, 2018 டிசம்பரில் நிறைவேறிய கனடியச் சட்டத்தின் வழியே 2019இல் சொந்தக் குடிமக்களையும் உள்ளடக்கியது. புதிய வாயில் ஏதும் எழுப்பப்படாமலேயே, பயணி மட்டும் அறிந்திருந்த நாட்கணக்கு இரு அரசுகளின் கணினிகளுக்கும் தெரியலாயிற்று.

1992இல் தோன்றிய கனடியப் பனிப்பறவைகள் சங்கம் தங்கும் காலத்தை 240 நாளாக உயர்த்தக் கோரிவருகிறது. அதற்கு இடமளித்த குடிவரவுச் சீர்திருத்த மசோதா 2013இல் அமெரிக்கச் செனட்டில் நிறைவேறியும், பிரதிநிதிகள் அவையில் எடுத்துக்கொள்ளப்படாமல் காலாவதியானது. மாறாக, 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு, 1940ஆம் ஆண்டின் அயலார் பதிவுச் சட்டத்தில் வேர்கொண்ட கடப்பாட்டை மீண்டும் வலியுறுத்தியது. அதன்படி, எல்லையில் வருகைப் பதிவுத்தாள் பெறாமல் நுழைந்து 30 நாளோ அதற்கு மேலோ தங்கும் கனடியர் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும். கைரேகை அளிப்பதிலிருந்து மட்டும் அவர்களுக்கு விலக்கு உண்டு. பகைநாட்டு ஒற்றர்கள் பற்றிய போர்க்கால அச்சத்தில் பிறந்த ஒரு சட்டத்தை, குளிருக்கு ஒதுங்கும் முதியோர்மீது பொருத்துவது ஏற்புடையதன்று. ஆயினும் அவர்கள் இப்போது பதிவுச் சான்றை எந்நேரமும் உடன் வைத்திருக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.