நிலம்சார் ஆய்வும் சான்றுக் காப்பும்: பெங்களூர்ப் பல்கலைக்கழக ஆய்வுப் பரப்பு – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பரப்பை அளவிட முற்படுவோர் பெரும்பாலும் துறைகளின் எண்ணிக்கையையும் ஆண்டுதோறும் வழங்கப்பெறும் முனைவர் பட்டங்களின் எண்ணிக்கையையுமே அளவுகோலாகக் கொள்கின்றனர். இவ்வளவுகோல் நிருவாகத்திற்குப் பயன்படலாம்; வரலாற்றிற்குப் போதாது. ஓர் ஆய்வு எந்நிலத்தை ஆதாரமாகக் கொண்டு எழுந்தது, அதற்குரிய சான்று பின்னர் என்னவாயிற்று என்னும் இரு வினாக்களை எழுப்பினால் வேறு வகையான தெளிவு கிட்டும். 1964இல் தோன்றிய பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தையும் அதற்கு மூலமாய் அமைந்த சென்ட்ரல் கல்லூரியையும் இவ்வினாக்களின் வழியே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். பெங்களூர், கோலார் வட்டாரத் தமிழ்க் கல்வெட்டுகள் இவ்வரலாற்றில் பெறும் இடம் தமிழாய்வாளர்தம் தனிக்கவனத்திற்குரியது.

அறிவியல் பெங்களூரில், கலை மைசூரில்

1858இல் ஜான் காரெட்டின் பொறுப்பில் தொடங்கிய பெங்களூர் உயர்நிலைப்பள்ளி 1875இல் சென்ட்ரல் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. அக்காலத்தில் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றிருந்தது. இராஜாஜி இளங்கலை பயின்றது இக்கல்லூரியில்தான். 1916ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மைசூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றபோது இத்தொடர்பு அறுந்தது. புதிய பல்கலைக்கழகத்தில் கலைப்பாடங்கள் மைசூர் மகாராஜா கல்லூரிக்கும், அறிவியற் பாடங்கள் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்கும் பெரும்பாலும் ஒதுக்கப்பெற்றன. நிருவாக ஏற்பாடாகத் தோன்றும் இப்பிரிவினையே அடுத்த அரை நூற்றாண்டு ஆய்வின் திசையை வகுத்தது எனலாம்.

சென்ட்ரல் கல்லூரியின் அறிவியற் புகழைக் கூறுவோர் 1928 மார்ச்சு 16ஆம் நாளையே முதலிற் சுட்டுவர். கொல்கத்தாவில் தாம் கண்டறிந்த புதிய ஒளிச்சிதறலைப் பற்றிச் சர் சி. வி. இராமன் அன்று இக்கல்லூரியில் விரிவாக உரையாற்றினார். எனினும் அஃது இங்கே அறிவிக்கப்பெற்ற ஆய்வேயன்றி இங்கே விளைந்த ஆய்வன்று. இம்மண்ணுக்கே உரிய ஆய்வுக்குச் சான்று தேடின், அதே கல்லூரியின் விலங்கியல் துறையைத்தான் நாட வேண்டும்.

கோயம்புத்தூரிற் பிறந்த சி. ஆர். நாராயண ராவ் அத்துறைக்குத் தலைமை தாங்கியவர். 1932இல் தொடங்கப்பெற்ற ‘கரண்ட் சயின்ஸ்’ ஆய்விதழின் முதல் ஆசிரியரும் அவரே. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் திரட்டிய தவளைகளை ஆராய்ந்து, புதிய இனங்கள் பலவற்றை 1937ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் அவர் விவரித்தார். ஒரு புதிய இனத்திற்குப் பெயரிடும்போது எந்த உடலை முன்வைத்துப் பெயரிடப்பட்டதோ அந்த உடலே மூலச் சான்று. பிற்காலத்தார் ஐயுறும்போது அதனை எடுத்து ஒப்பிட்டே முடிவு காண்பர். சுவடியியலார் மூல ஏட்டைக் கருதுவது போன்றதே இது. நாராயண ராவின் மூல மாதிரிகள் சென்ட்ரல் கல்லூரியில் வைக்கப்பெற்றிருந்தன. இன்று அவை இல்லை. அவர் பெயரிட்ட இனங்கள் பற்றிய குறிப்புகளில் ‘மாதிரி தொலைந்தது’ என்றே வகைப்பாட்டு நூல்கள் பதிவு செய்கின்றன. இதனால், அவர் கண்ட தவளை எது என உறுதிப்படுத்த முனைவோர் அவர் சென்ற காடுகளுக்கே மீண்டும் செல்ல வேண்டியுள்ளது. 2010இல் புதர்த் தவளைப் பேரினம் ஒன்றிற்கு அவர் நினைவாக ‘ராவோர்கெஸ்டிஸ்’ எனப் பெயரிடப்பட்டது. பெயர் நிலைத்தது, சான்று நிலைக்கவில்லை.

கல்லும் அச்சும்

இதற்கு மறுதலையாக அமைவது கல்வெட்டாய்வு. பெங்களூரிற் பிறந்த பி. எல். ரைஸ், 1860இல் மேற்குறித்த உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியராகப் பணியேற்றவர். பின்னர் மைசூர் அரசின் தொல்லியல் துறையைப் பொறுப்பேற்று ‘எபிகிராபியா கர்னாடிகா’ தொகுதிகளை வெளியிட்டார். ஏறத்தாழ ஒன்பதாயிரம் கல்வெட்டுகள் அவற்றில் அச்சேறின. பெங்களூர் மாவட்டத்திற்குரிய ஒன்பதாம் தொகுதியும் கோலார் மாவட்டத்திற்குரிய பத்தாம் தொகுதியும் 1905இல் வெளிவந்தன. இவ்விரண்டிலும் தமிழ்க் கல்வெட்டுகள் மிகுதி.

சோழர் கங்கநாட்டைக் கைப்பற்றிய பின்னர்க் கோலார்ப் பகுதி நிகரிலிச் சோழ மண்டலத்துக் குவளால நாடு என வழங்கப்பெற்றது; கோலாரம்மன் கோயிலிலுள்ள சோழர் கல்வெட்டுகள் தமிழில் அமைந்தவை. சோழர் ஆட்சி நீங்கிய பின்னும் தமிழ் நீங்கவில்லை. போசள மன்னன் வீர இராமநாதன் காலத்துத் தமிழ்ச் சாசனங்கள் இவ்வட்டாரத்தில் பரவலாகக் கிடைக்கின்றன. இன்று நகரின் நடுப்பகுதியாகிவிட்ட தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிற் கல்வெட்டுகள், அவ்வூரை இலைப்பாக்க நாட்டுத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கின்றன. ‘பட்டணம்’ என்னும் பெயரீறு வணிகர் தொடர்பைக் கருதச் செய்கிறது. பெங்களூர் என்னும் பெயரையே தாங்கிய பேகூர் நடுகல்லோ கன்னடத்தில் அமைந்தது. காலம் ஏறத்தாழக் கி.பி. 890. ஒரு நகரின் தொல்வரலாற்றை எழுத இரு மொழிக் கல்லும் வேண்டப்படுகின்றன. இதனை மொழியுரிமை வாதத்திற்குரிய செய்தியாகக் கொள்வார் சிலர் இரு பக்கத்தும் உளர். அவ்வாறு கொள்வது கல்வெட்டைப் படிக்காமலிருப்பதற்கே வழிவகுக்கும்.

நகர் விரிந்தபோது கற்கள் பல காணாமற்போயின. தவளை மாதிரிகளைப் போலன்றி, இவற்றின் வாசகங்கள் அச்சில் எஞ்சியுள்ளன. எனினும் ரைசின் வாசிப்பைச் சரிபார்க்கக் கல்லில்லாத இடங்களில் ஐயம் ஐயமாகவே நிற்கும்.

1964இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் பிரிந்தபோது கல்வெட்டாய்வு மரபு அதனோடு வரவில்லை. தொல்லியல் துறை மைசூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து செயற்பட்ட காலத்தில் எம். எச். கிருஷ்ணா வளர்த்த அம்மரபு மைசூரிலேயே தங்கியது. எபிகிராபியா கர்னாடிகாவின் திருத்திய பதிப்பும் 1972 முதல் மைசூரிலிருந்தே வெளிவரலாயிற்று. சென்ட்ரல் கல்லூரியையும், 1917இல் விசுவேசுவரய்யா நிறுவிய பொறியியற் கல்லூரியையும் பெற்றுக்கொண்ட புதிய பல்கலைக்கழகம் மானிடவியற் புலங்களைப் பெருமளவு புதிதாகவே உருவாக்க வேண்டியிருந்தது.

புதிய புலங்கள்

இப்பணியில் முதலிடம் பெறுவது கன்னட ஆய்வு மையம். கவிஞர் ஜி. எஸ். சிவருத்ரப்பா அதற்குத் தலைமையேற்று, கன்னட இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக வெளியிடும் திட்டத்தை நடத்தினார். ஆயினும் நிலம்சார் ஆய்வு என்னும் நோக்கில் அம்மையத்தின் சிறந்த விளைவாகக் கருதத்தக்கது சித்தலிங்கய்யாவின் கிராமதேவதைகள் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேயாகும். தலித் இயக்கத்தின் கவிஞராக அறியப்பெற்றவர் அவர். அவர்தம் தன்வரலாறு பாவண்ணன் மொழிபெயர்ப்பில் ‘ஊரும் சேரியும்’ எனத் தமிழுக்கு வந்துள்ளது. கோயிற் கருவறைக்குள் நுழையவொட்டாத மக்களின் தெய்வங்களை அம்மக்களுள் ஒருவரே பல்கலைக்கழக ஆய்வுப் பொருளாக்கியமை பரப்பு விரிந்தது என்பதற்கு உண்மையான சான்று. அதே துறையில் பணியாற்றிய டி. ஆர். நாகராஜின் தலித் இயக்கம் குறித்த ஆங்கில நூல் 1993இல் வெளிவந்தது.

அறிவியற் பக்கத்தில், சென்ட்ரல் கல்லூரியில் இயற்பியல் பயின்ற எச். நரசிம்மய்யா துணைவேந்தராயிருந்தபோது (1972–1977), அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் ஆராய 1976இல் குழுவொன்றை அமைத்தார். பல்கலைக்கழகம் ஆராயத்தக்க பொருள் எது என்பது பற்றிய பெரும் பொதுவாதம் அதனால் எழுந்தது. நரசிம்மய்யாவின் ஐயமும் சித்தலிங்கய்யாவின் தெய்வங்களும் ஒரே பல்கலைக்கழகத்தின் சில ஆண்டு இடைவெளியில் அமைந்தவை என்பது சுவையானது.

மாரியம்மன், திரௌபதி வழிபாடுகளின் வழி இத்தெய்வ ஆய்வு தமிழகத்தோடு தொடர்புறுவது. பெங்களூர்க் கரகத்தை ஸ்மிருதி சீனிவாஸ் 2001இல் நூலாக ஆராய்ந்துள்ளார். செஞ்சி வட்டாரத் திரௌபதி வழிபாட்டை ஆல்ப் ஹில்டெபெய்டெல் 1988இல் ஆராய்ந்தார். இரண்டும் ஆங்கில நூல்கள். கரகத்தை எடுக்கும் திகளரின் வழக்காறுகளைத் தமிழ், கன்னடம் ஆகிய இரண்டும் அறிந்தோர் ஒருங்கே ஆராயும் பணி விரிவாக நடைபெறவேண்டும்.

பிரிவுக்குப் பின்

2017இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் மூன்றாகப் பகுக்கப்பெற்றது. ஞானபாரதி வளாகம் தாய்ப் பல்கலைக்கழகத்திடம் நின்றது; சென்ட்ரல் கல்லூரி வளாகம் புதிய மையப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமாயிற்று; வடக்குப் பல்கலைக்கழகம் கோலாரில் அமைந்தது. 2022இல் பொறியியற் கல்லூரியும் தனித்தியங்கத் தொடங்கியது. 1916இல் கலையும் அறிவியலும் பிரிந்தன. இம்முறை பிரிந்தது மாவட்டமும் நகரும். கல்வெட்டாய்வைப் பொறுத்தமட்டில் இப்பிரிவு தீமையாகவே முடியவேண்டும் என்பதில்லை.

1909இல் தோன்றிய மிதிக் சொசைட்டி, பெங்களூர் வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாண வருடல் முறையில் 2021 முதல் பதிவு செய்து வருகிறது. மங்கிய எழுத்துகளைத் திரையில் ஒளியை மாற்றி மாற்றிப் படிக்க இம்முறை உதவுகிறது. ரைசின் பாடங்களோடு ஒப்பிடுவதற்குரிய மூலம், கல் எஞ்சிய இடங்களிலேனும், மீண்டும் கைக்கு வந்துள்ளது. இதற்குத் தேவைப்படுவோர் பழந்தமிழ் எழுத்தும் பழங்கன்னடமும் ஒருசேரப் பயின்ற ஆய்வாளர்கள். மொழித்துறைகள் தனித்தனியே மாணவரைப் பயிற்றும் நம் பாடத்திட்டங்களில் அத்தகையோர் உருவாவது அரிது. வடக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள தமகாவிலிருந்து கோலாரம்மன் கோயில் சில கல் தொலைவிலேயே உள்ளது.