கரும்பிற் பிறந்த எரிபொருள்

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில், பெற்றோல் இன்றி மண்ணெண்ணெயில் ஊர்திகளை ஓட்டியவர்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள். ஆயின் மண்ணெண்ணெயும் கடல் கடந்து வந்ததே. தன் மண்ணில் விளைந்ததையே எரிபொருளாக்க முயன்ற நாடு பிறேசில்.

1973 இன் எண்ணெய் நெருக்கடி, பெற்றோலியத்தின் பெரும்பகுதியை இறக்குமதி செய்த அந்நாட்டைக் கடுமையாகத் தாக்கிற்று. கைத்தொழில் வணிக அமைச்சில் தொழினுட்பச் செயலாளராயிருந்த பௌதிகவியலாளர் பௌட்டிஸ்டா விடால் (1934–2013), கரும்பிலிருந்து வடிக்கும் மதுசாரத்தைப் பெற்றோலுக்கு மாற்றாக்கும் திட்டத்தை உருவாக்கியோருள் முதன்மையானவர். 1975 நவம்பரில் அரசு அத்திட்டத்தைத் தொடக்கியது. 1979 இல் முற்றாக மதுசாரத்தில் ஓடும் மோட்டார் வண்டிகள் விற்பனைக்கு வந்தன. 1980களின் நடுவில் விற்பனையான புதிய வண்டிகளுட் பெரும்பாலானவை அத்தகையனவே.

1986 இல் எண்ணெய் விலை வீழ்ந்தது. பின்னர் சீனி விலை உயரவே, கரும்பு ஆலைக்குச் சீனியாகச் சென்றது. 1989 இல் மதுசாரத் தட்டுப்பாடு தோன்றிற்று. மக்கள் நம்பிக்கை இழந்தனர். இரு எரிபொருளையும் ஏற்கும் வண்டிகள் 2003 இல் வந்த பின்னரே அந்நம்பிக்கை மீண்டது.

மடத்துவெளிப் பனையின் கள்ளிலும் அதே மதுசாரமே உண்டு. எனினும் நீர் அரிதான தீவகம் பிறேசில் அன்று. மாற்றெரிபொருளை அறிதல் எளிது. நிலமும் விலையும் அரசின் உறுதியும் ஒருங்கே நிலைத்தல் அரிது. விடாலின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.