நடராசன் ஏன் சிறைக்குப் போனார்?

சென்னை எழும்பூரில் சி.எம்.டி.ஏ. அலுவலகம் இருக்கும் கட்டடத்தின் பெயர் தாளமுத்து–நடராசன் மாளிகை. அந்தப் பெயரில் இருக்கும் நடராசன் ஒரு தலித் இளைஞர் என்பது நம் தோழர்களில் பலருக்கே தெரியாது. முதலில் இறந்தவர் அவர்தான். 1939 ஜனவரி 15இல் அவர் உயிர் போனது. கும்பகோணத்துத் தாளமுத்து இறந்தது அந்த மார்ச்சில். ஆனால் நம் வாய்க்குப் பழகிப்போன வரிசையில் நடராசன் பின்னால்தான் வருகிறார். சொல்வதற்கு ஓசை நயமாக இருக்கிறது என்பதுகூடக் காரணமாக இருக்கலாம்.

1937இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. 1938 ஏப்ரல் 21 அன்று 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கி அரசாணை போட்டார்கள். தங்கசாலை இந்து தியாலஜிகல் பள்ளி முன்பு நாள்தோறும் மறியல் நடந்தது. மொத்தம் 1,198 பேர் கைதானார்கள். தண்டனை பெற்றவர்களில் 73 பேர் பெண்கள். தாய்மாரோடு 32 குழந்தைகளும் சிறைக்குப் போயின. 1938 டிசம்பரில் கைதான நடராசன், அந்த மாதக் கடைசியில் உடல்நிலை மோசமாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் உயிரோடு திரும்பவில்லை. அரசோ சட்டமன்றத்தில் இந்தச் சாவுகளைச் சாதாரண விஷயம் போலத் தள்ளிவிட்டது.

உயர்நிலைப் பள்ளிப் படியை மிதித்த சேரிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது. அந்தப் பள்ளியில் என்ன மொழி சொல்லிக்கொடுத்தால் நடராசனுக்கு என்ன? அவர் எழுதிவைத்துவிட்டுப் போனது எதுவும் நம் கையில் இல்லை. நான் புரிந்துகொள்வது இது: நூற்றாண்டுகளாக மூடிக்கிடந்த கதவு அப்போதுதான் கொஞ்சம் திறந்தது. அதற்குள் இன்னொரு பூட்டைக் கொண்டுவந்து மாட்டினால், முதலில் வெளியே நிற்கப்போவது நம் பிள்ளைதான். வீட்டில் டியூஷன் வைத்துக்கொள்ள வசதியுள்ளவருக்கு மூன்றாவது மொழி ஒரு பாடம், அவ்வளவுதான்.

1938 நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டம் வழங்கப்பட்டது. அங்கே பங்கேற்றவர்களில் ஒருவர் அன்னை மீனாம்பாள் சிவராஜ். ஆகவே, மொழிப்போரில் தலித்துகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், இந்த இரண்டு பெயர்களைச் சொல்லுங்கள். 1940 பிப்ரவரியில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

அண்ணல் அம்பேத்கர் என்ன சொன்னார்? இங்கே நாம் நேர்மையாகப் பேச வேண்டும். 1955இல் மொழிவழி மாநிலங்கள் பற்றி எழுதிய நூலில், மாநிலங்களின் ஆட்சிமொழியாக இந்தி இருக்கலாம், அதற்கு நாடு தயாராகும்வரை ஆங்கிலம் இருக்கட்டும் என்றார். மொழிவாரியாகப் பிரிந்தால் நாடே சிதறும் என்பது அவர் அச்சம். இதை மறைத்துவிட்டு அவரை மேற்கோள் காட்டுவது சரியல்ல. அதே நூலில், காங்கிரஸ் கட்சிக்குள் இந்திக்கு 78, எதிராக 78 என்று சமமாகி, மறுபடி எடுத்த வாக்கெடுப்பில் ஒரே ஒரு ஓட்டில்தான் இந்தி ஜெயித்தது என்பதையும் அவரே பதிவு செய்கிறார். ஜெயித்த பிறகும் அரசமைப்பின் 343ஆம் பிரிவில் அது 'ஒன்றியத்தின் ஆட்சிமொழி' மட்டும்தான். 'தேசிய மொழி' என்ற தகுதியை அரசமைப்பு எந்த மொழிக்கும் தரவில்லை.

எனக்கு அந்த நூலில் முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு மொழி பேசும் மாநிலத்தில் எண்ணிக்கை பலமுள்ள சாதி, சிறிய சமூகங்களை நசுக்கும் என்று அவர் எச்சரித்தார். தமிழ் வாழ்க என்று நம்மோடு சேர்ந்து முழங்குகிறவர் ஊர்த் தெருவில் நம்மை நடக்க விடுகிறாரா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

செம்பரம்பாக்கத்தில் இருந்து திருப்பெரும்புதூர் வரை வாடகை அறைகளில் பத்துப் பேராகத் தங்கி வேலைக்குப் போகும் வடமாநிலத் தொழிலாளர்களை 'இந்திக்காரன்' என்கிறோம். அவர்களில் பலர் வீட்டில் பேசுவது போஜ்புரி. 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட போஜ்புரிக்காரர்களை இந்தி என்ற தலைப்பின்கீழ்தான் சேர்த்தார்கள். இந்தி பேசுவோர் 43 சதவீதம் என்ற கணக்கு இப்படி வந்ததுதான். அவர்களிலும் நம்மைப் போன்ற சேரிகளில் இருந்து வந்தவர்கள் உண்டு. அடுத்தமுறை டீக்கடையில் பார்க்கும்போது, அம்மாவோடு என்ன மொழியில் பேசுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.