தெருவே பாடநூல்: தேக்காவும் இடஞ்சார் கைப்பேசி விளையாட்டுகளும்



சிங்கப்பூரில் பிறந்தவர்களுள் பெருந்தொகையினர் கேகே மருத்துவமனையில் பிறந்தவர்கள். அவ்விரண்டு எழுத்துகள் எதன் சுருக்கம் என்று கேட்டால் பலர் தயங்குவர். ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்த் தொடரின் சுருக்கம் அது. எருமைத் தொழுவம் என்பது அதன் பொருள். சிராங்கூன் சாலைப் பகுதியில் மாட்டு வணிகம் செழித்த காலத்தின் நினைவு, குழந்தைகள் பிறக்கும் இடத்தின் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லிட்டில் இந்தியாவின் தெருப்பெயர்கள் இத்தகைய நினைவுகளால் நிறைந்தவை. பஃப்பலோ சாலை ஆங்கிலத்திலும், அருகிலுள்ள கெர்பாவ் சாலை மலாயிலும் எருமையையே குறிக்கின்றன. பெலிலியோஸ் என்னும் பெயர், கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வணிகம் செய்த யூதர் ஒருவருடையது. தமிழர்கள் இப்பகுதியைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றனர். சுண்ணாம்பு தமிழ்ச்சொல், கம்பம், சிற்றூரைக் குறிக்கும் மலாய்ச்சொல்லின் தமிழ் வடிவம். வீரமாகாளியம்மன் கோயிலும் முன்னாளில் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்றே வழங்கியது. ‘தேக்கா’வோ மூங்கிலடியைக் குறிக்கும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது. சந்தை 1982 இல் இன்றைய கட்டடத்துக்கு மாறியபோது, அதே பெயரின் மாண்டரின் ஒலிப்பு அதற்குச் சூட்டப்பட்டது. மக்கள் நாவில் அது நிலைக்கவில்லை. 2000 இல் தேக்கா என்னும் பெயரே மீண்டது.

இவ்வாறு ஒரு தெருவே மொழி வரலாற்று நூலாக விளங்கும்போது, மாணவரை அதனுள் அழைத்துச்செல்ல வழி என்ன? அவ்வழிகளுள் ஒன்றே இடஞ்சார் கைப்பேசி விளையாட்டு. விளையாடுபவர் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே கைப்பேசி அறிந்துகொள்ளும். அவ்விடத்துக்குரிய கதையோ வினாவோ அங்குச் சென்றால்தான் திறக்கும். அடுத்த துப்பைப் பெற, அடுத்த இடத்துக்கு நடக்கவேண்டும்.

இதன் வரலாறு நெடியதன்று. 2000 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்கள் பெற்றுவந்த செயற்கைக்கோள் இடக்குறிப்பில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு பெட்டியை மறைத்துவைத்து அதன் இடக்குறிப்பை அறிவித்தார். உலகெங்கும் பரவிய புதையல் வேட்டை அவ்வாறு தொடங்கியது. பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவான ஏரிஸ் என்னும் மென்பொருள், நிரல் எழுதத் தெரியாத ஆசிரியரும் இவ்வகை விளையாட்டை அமைக்க வழிசெய்தது.

அதைக் கொண்டு, நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ் ஹோல்டன், ஜூலி சைக்ஸ் இருவரும் 2009 இல் ‘மெந்தீரா’ என்னும் விளையாட்டை உருவாக்கினர். ஸ்பானியம் கற்கும் மாணவர்களுக்கானது அது. ஆல்புகெர்க்கி நகரின் பழைமையான லோஸ் கிரியேகோஸ் பகுதியைக் களமாகக் கொண்ட கொலைமர்மக் கதை. மாணவர்கள் அத்தெருக்களுக்கே சென்று துப்புத் துலக்கினர். கதைமாந்தரிடம் ஏற்ற மரியாதையுடன் பேசினால்தான் பயனுள்ள செய்தி கிடைக்கும். இலக்கணப் பிழையின்மை மட்டும் போதாது, யாரிடம் எவ்வாறு பேசுவது என்னும் பாங்கும் வேண்டும் என்பதே அதன் பாடம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1997 இல் இரு திட்டங்கள் இங்குத் தொடங்கின: ஒன்று தேசியக் கல்வி, மற்றொன்று கல்வியில் தகவல் தொழில்நுட்பத்துக்கான முதற் பெருந்திட்டம். முன்னது மாணவரை நாட்டின் கதையிடம் அழைத்தது. பின்னது அவரைக் கணினியின்முன் அமர்த்தியது. இவ்விரண்டையும் ஒரே கையில் சேர்க்கவல்ல கருவியாகத் திறன்பேசி பிற்பாடு வந்தது. 2015 இல் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டபின், தேக்காவுக்குச் செல்லும் மாணவர் குழுக்களுக்குத் தொடக்கப்புள்ளி ஒன்றும் வாய்த்தது.

2016 ஆகஸ்டில் போக்கிமான் கோ இங்கு வெளியானது. ஹவ்காங் அவென்யூ 10 இல் புளோக் 401 ஐச் சுற்றி இரவிலும் கூட்டம் திரண்டதைப் பலர் நினைவுகூர்வர். ஒரு விளையாட்டு மக்களை வீட்டிலிருந்து வெளியே கொணரும் என்பதை அது மெய்ப்பித்தது. ஆயினும் அங்குக் கூடியோரின் கண்கள் திரையிலேயே இருந்தன. அந்த இடம் எதுவாக இருந்தாலும் விளையாட்டுக்கு ஒன்றே. மொழியாசிரியர் கவனிக்கவேண்டிய எல்லை இதுவே.

நமக்கு இது பொழுதுபோக்குச் செய்தியன்று. வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர், 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியிருப்பாளருள் 3.3 விழுக்காட்டினராக இருந்தனர். 2020 இல் 2.5 விழுக்காட்டினராயினர். ஏட்டில் தாய்மொழியாயினும், நம் வகுப்பிலுள்ள பிள்ளைகள் பலருக்குத் தமிழ் அயல்மொழிக்கு அண்மையில் நிற்கிறது. அயல்மொழி கற்பிக்க எழுந்த முறைகள் நமக்கு வேண்டியவையாவது இதனால்தான்.

தமிழுக்கு மெந்தீராவின் பாடம் இன்னும் பொருந்தும். நீ, நீங்கள் என்னும் வேறுபாடும், அண்ணன், அக்கா, ஐயா, அம்மா என்னும் விளிகளும் பாடநூலின் பட்டியலால் மட்டும் கைவருவதில்லை. 2005 இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடந்தரப் பரிந்துரைத்தது. அந்தப் பேச்சுத்தமிழுக்கு இயல்பான களம் தேக்கா.

ஒரு விளையாட்டை எண்ணிப் பார்ப்போம். முதல் நிறுத்தம் கெர்பாவ் சாலை. பெயர்ப்பலகையைப் படித்து, அதே பொருளுடைய வேறொரு தெருவை மாணவர் கண்டறியவேண்டும். இரண்டாவது வீரமாகாளியம்மன் கோயில். அதன் பழம்பெயரிலுள்ள இரு மொழிகளைப் பிரித்தறியவேண்டும். மூன்றாவது பூக்கடை. அங்குக் கைப்பேசி, ‘என்னைப் பையில் வைத்துவிடு’ என்று சொல்லவேண்டும். கடைக்காரரிடம் முறையாக விளித்து, ஒரு முழம் பூ வாங்கி, அந்தப் பூவின் பெயரையும் அது எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டறிந்தால்தான் நான்காம் நிறுத்தம் திறக்கும்.

சில எச்சரிக்கைகள் உண்டு. நெருங்கிய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் இடக்குறிப்பு சில மீட்டர் பிசகும். ஆகவே, விடை கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளில் அமையவேண்டும். கடைக்காரர்களின் ஒப்புதலை ஆசிரியர் முன்னரே பெறவேண்டும். தமிழகத்திலிருந்து வந்த ஊழியர்கள் ஞாயிறுதோறும் அங்குக் கூடுகின்றனர். அவர்தம் வட்டாரப் பேச்சு நம் மாணவர்க்கு அரிய செல்வம். எனினும், அவர்கள் ஓய்வுநாளில் வந்தவர்கள். விருப்பமிருந்தால் பேசுவார்கள், இல்லையேல் வணங்கி விலகவேண்டும். இதுவும் மொழிப்பாடமே.

தேக்கா என்னும் பெயரை 2000 இல் மீட்டது மக்களின் நாவு. மொழி பிழைப்பதும் அங்ஙனமே. மாணவரைக் கடைவாசல்வரை அழைத்துச்செல்லக் கைப்பேசியால் இயலும். ‘அக்கா, இது என்ன பூங்க?’ என்று அங்கு அவர் கேட்கும்படி ஆயத்தம் செய்வது நம் வகுப்பறையின் கடமை.